காற்றுப்பெட்டி நின்ற மதியம்

மஞ்சூரில் மழைக்காலம் வந்தால் துணி காயாது, உப்பு நீர்த்துப் போகும், சுவரில் கரும்பூசணம் படரும். அந்தப் பூசணத்தால்தான் வனிதாவின் மகளுக்கு இழுப்பு வந்தது. கோயம்புத்தூரில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த அவள் கணவன் மனோகரன், ஊட்டியில் ஒரு விடுதியைப் புதுப்பித்தபோது கழற்றிய பழைய இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்துக் கூரையடியில் பொருத்தினான். அது வீட்டின் ஈரக்காற்றை வெளியே தள்ளி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். போகிற காற்றின் சூட்டை வருகிற காற்றுக்கு ஏற்றிவிடும். சூடு வீணாகக் கூடாதென்று சன்னல் கதவு இடுக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினான். வீட்டில் அதற்குக் காற்றுப்பெட்டி என்று பெயர். ஒரு குளிர்காலத்துக்குள் சுவர் வெளுத்தது. மகளும் இழுப்பில்லாமல் தூங்கினாள்.

இந்த ஆடியில் மனோகரனின் தங்கை சசிகலா பிறந்து ஒரு மாதமே ஆன ஆண் குழந்தையோடு வந்திருந்தாள். தாய் இல்லாதவள், அண்ணன் வீடுதான் தாய்வீடு. வந்த நாளிலிருந்தே அவளுக்கும் அந்தப் பெட்டிக்கும் ஆகவில்லை.

"மண்டைக்கு மேல காத்து அடிக்குதுங்க அண்ணி. பச்சப்புள்ளைக்கு ஆகாது."

"சூடேறி வர்ற காத்து சசி. கையை வெச்சுப் பாரு."

"எனக்குக் குளிருதே!"

அன்று காலை காற்று வரும் வாயில் பழைய துண்டு ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. வனிதா முக்காலி போட்டு ஏறி அதை உருவி எறிந்தாள்.

"இன்னொருக்கா அடைச்சீன்னா உங்க அண்ணன்கிட்டயே சொல்லிருவேன்."

சசிகலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வனிதாவும் போய்வருகிறேன் என்று சொல்லாமலே மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தேயிலை ஃபேக்டரிக்குப் போய்விட்டாள்.

மழை வலுத்தது. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கோ மரம் விழுந்து கரண்டு போனது. ஜெனரேட்டரும் கைவிட்டதால் பேக்கிங் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குடை பிடித்துக்கொண்டு இறக்கத்தில் வரும்போது வனிதாவுக்குக் காலைப் பேச்சு உறுத்தியது. சசிகலாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

கோபமாக இருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு வேறொன்று தோன்றியது. கரண்டு இல்லையென்றால் பெட்டி ஓடாது. பெட்டி ஓடாவிட்டால் அந்த வீடு மூடி திருகிய பாட்டில்தான். குழந்தைக்குச் சாம்பிராணி போட நெருப்புச்சட்டியும் கரியும் வனிதாவே வாங்கி வைத்திருந்தாள். வனிதா ஓடத் தொடங்கினாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "சசி! கதவைத் தொற!" பதில் இல்லை. பக்கத்துச் சன்னலின் கண்ணாடியில் உட்புறம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பெட்டி வந்தபின் அந்தக் கண்ணாடி வேர்த்து அவள் பார்த்ததில்லை. முகத்தை ஒட்டிப் பார்த்தாள். கொடியில் குழந்தைத் துணிகள். கீழே சட்டியில் சிவப்பாய்க் கங்கு. தொட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே சசிகலா குப்புறக் கிடந்தாள்.

முற்றத்துக் கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்தாள். கரிவாடையோடு வெப்பம் முகத்தில் அடித்தது. கம்பிக்கிடையே தோள்வரை கையை விட்டும் தாழ்ப்பாள் எட்டவில்லை. கண்ணாடிச் சில் கையைக் கிழித்தது. குடையைத் திருப்பி அதன் வளைந்த பிடியை உள்ளே நீட்டினாள். முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை மாட்டி, மறுபடி நழுவியது. தொட்டிலில் அசைவே இல்லை.

"ஜெஸிந்தா அக்கா! ஓடியாங்க!" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே இன்னொரு முறை இழுத்தாள். தாழ்ப்பாள் விடுபட்டது.

மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய்க் குழந்தையை வாரி வெளியே வந்தாள். துவண்டு கிடந்தது. ஓடிவந்த ஜெஸிந்தாவின் கையில் அதைத் திணித்துவிட்டு மறுபடி உள்ளே பாய்ந்து, சசிகலாவின் இரண்டு கைகளையும் பிடித்து வாசல்வரை இழுத்து வந்து போட்டாள். சசிகலா முனகினாள். குழந்தையிடம் சத்தமில்லை. ஜெஸிந்தா அதன் உள்ளங்காலைத் தேய்த்தாள், முதுகைத் தேய்த்தாள், "ஏசுவே, ஏசுவே" என்றாள். சாரல் முகத்தில் பட்டது. குழந்தை ஒருமுறை விக்கியது. பிறகு பூனைக்குட்டி போல மெல்ல அழுதது.

எதிர்வீட்டு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். கரிப்புகையின் விஷவாயுவுக்கென்று தனி வாடை கிடையாது, தலைவலியும் தூக்கமும்தான் வரும் என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா சொல்றதுக்கில்லைம்மா."

இருட்டுவதற்குள் மனோகரன் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தான். தங்கையைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது. "கதவை மூடிட்டு நெருப்பு வெப்பாங்களா? உனக்கு அறிவிருக்கா?"

"அவளைத் திட்டாதீங்க," என்றாள் வனிதா. "இடுக்கு விடாம அடைச்சது நீங்க. கரி வாங்கி வெச்சது நான். கரண்டு போனா சன்னலைத் தொறன்னு அவகிட்ட ஒருத்தராச்சும் சொன்னமா?"

மனோகரன் குனிந்து குழந்தையின் காலைத் தொட்டான்.  மறுநாள் காலையிலேயே வீட்டுக்குப் போய் ஒவ்வொரு அறைச் சுவரிலும் மூடவே முடியாதபடி ஒரு துளை போட்டான். சூடு போனால் போகட்டும் என்றான்.

அன்று மதியம் நெல்லியாளத்திலிருந்து சசிகலாவின் கணவன் ரமேஷ் ஆஸ்பத்திரிக்கு வந்தான். பயந்துபோயிருந்தான், அதனால் கடுமையாகப் பேசினான். "போதும். நம்ம ஊட்டுக்கே போயிரலாம், கெளம்பு."

சசிகலா வனிதாவின் கையைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது.

"நான் வரலீங்க," என்றாள். "அண்ணிகூடவே இருக்கேன்."

பிறகு குரல் இறங்கி, "தலை வலிச்சப்பவே உங்களுக்குப் போன் பண்ணலாம்னு நெனச்சேன் அண்ணி. காலையில சண்டை போட்டோமே, அந்த வீம்புல விட்டுட்டேன்," என்றாள்.

முந்தின நாள் முழுக்க அழாத வனிதாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப் போடாத கையால் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள்.