நான்காவது விடை

முப்பது நாளில் ஆங்கிலம் கற்பிப்பதாகத் தில்லையடியில் பதாகை கட்டியிருந்த ஹஸ்மி, தன் சான்றிதழ் விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தான். ஆங்கில இலக்கணம் கற்பித்தே ஓய்வுபெற்ற நான் மேடையில் அமர்ந்தால் தன் சரக்குக்கு முத்திரை விழும் என்று எண்ணினான் போலும்.

"எழுவாய், பயனிலையெல்லாம் பழைய சாமான், சேர். நான் இலக்கணத்தத் தொடுறதே இல்ல. பத்துக் கேள்வி, பத்து விடை. பாடமாக்கினா வேலை கெடைக்கும்."

"கேள்வி கேட்கிறவரும் உன்னிடந்தான் படித்தாரா?"

சிரித்தான். உண்மையில், கேள்விகளை அவனே எழுதி, கற்பிட்டி ஹோட்டல் ஒன்றின் முகாமையாளரான பீற்றரிடம் வரிசைப்படி கொடுத்திருந்தான். வரவேற்பு மேசைக்கு ஒருவரைப் பீற்றர் அன்று சபையிலேயே தெரிவுசெய்வதாக ஏற்பாடு. மாணவர்களில் முதலில் எழுந்தவள் றிஷ்னா. வேலை கிடைக்காவிட்டால், தாய் றுமானாவுடன் அவளும் உப்பளத்துக்குப் போக வேண்டியதுதான்.

பெயர், ஊர், குடும்பம் என மூன்று விடைகளும் பிசகின்றி வந்தன. அப்போது பள்ளிவாசலில் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு ஒலித்தது. பேச்சு நின்றது, பெண்கள் முக்காட்டைச் சரிசெய்தார்கள். சிலாபத்துக் கத்தோலிக்கரான பீற்றரும் கேள்வித்தாளை மடித்துவைத்துவிட்டு மரியாதையாகக் காத்திருந்தார். பாங்கு முடிந்ததும் அவர் அந்தத் தாளைத் திரும்ப எடுக்கவில்லை.

"அறையில் தண்ணீர் வரவில்லையென்று விருந்தினர் முறையிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எனக்கு நீச்சல் மிகவும் பிடிக்கும்," என்றாள் றிஷ்னா, குற்றமற்ற ஆங்கிலத்தில். அது நான்காவது விடை.

"யாருக்கு அறிவிப்பீர்கள்?"

"ஓய்வு நேரத்தில் உம்மாவுக்குச் சமையலில் உதவுவேன்."

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. றிஷ்னாவின் முகம் கறுத்தது.

"சேர், நீங்க கேட்டது வெளங்கல்ல," என்றாள் தமிழில். "எங்களுக்கு விடை மட்டுந்தான் தந்தாங்க."

"அப்ப வேலை இல்ல, தங்கச்சி. ஒரு வசனத்தையாவது சொந்தமாக் கட்டத் தெரிஞ்சதும் வாங்க," என்றார் பீற்றர்.

ஹஸ்மி துள்ளி எழுந்தான். "இடையில பாங்கு செல்லாட்டி இந்தப் புள்ள பத்தையும் செல்லியிருக்கும்!"

"பாங்கு அஞ்சு நேரமும் செல்றது ஒனக்குத் தெரியாதா?" என்றாள் சபையில் இருந்த றுமானா.

சான்றிதழை வழங்கும்படி என்னை அழைத்தார்கள். நான் எழவில்லை; அதைப் பெற றிஷ்னாவும் வரவில்லை. ஹஸ்மி வெட்கமின்றி என் காதருகே குனிந்தான்.

"அடுத்த வகுப்புக்கு இருவது விடை குடுப்பம், சேர்."

திங்கட்கிழமை றிஷ்னா உப்பளத்துக்குப் போனாள்.