ரெண்டு லேபுக்கும் ஒரே ரத்தம்

சின்னதுரை, வயது இருபத்து நான்கு, இருப்பது ஐதராபாத்தில். வீட்டுக்குச் செய்தி அனுப்பும்போதெல்லாம் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து இந்த மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வான். அவன் பேசப் பேச போன் அதை எழுத்தாக்கும். அக்கா கண்ணகி ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஏன்டா, உன் வயசு எனக்குத் தெரியாதா? உன்ன இடுப்புல வெச்சிக்கினு திரிஞ்சவளே நான்தான். இன்னாடா, டேசன்ல புகார் குடுக்கற மாரி ஆரம்பிக்கிற?"

அவன் சிரித்து மழுப்பினான். காரணம் அந்த வீட்டுக்கு இருந்த ஒரே போன்தான். அது அக்காவின் கணவர் பொன்னுரங்கத்துடையது. வடக்கனந்தலில் சொந்த நிலம் இல்லாத பொன்னுரங்கம், கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி மரவள்ளி பிடுங்கும் ஆட்களோடு கொட்டகையில் தங்கியிருந்தார். கொட்டகையில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுக்கு ஏறினால் ஒரு கோடு, இரண்டு கோடு வரும். மேட்டுக்குப் போகிறவன் எவனோ அவன் கையில் போன் போகும். பேசி அனுப்பும் செய்தி பாதியில் சுற்றிக்கொண்டே நின்றுவிடும். எழுத்து மட்டும் எப்படியோ நுழைந்துவிடும். படிப்பது யாராக இருந்தாலும், பேசுவது யார் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே.

கண்ணகிக்குக் குழந்தை பிறந்தது கள்ளக்குறிச்சியில். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு இலவசத் திட்டத்தில் குதிகாலில் குத்தி, தடித்த அட்டையில் ரத்தத்தைப் பொட்டுப் பொட்டாக வைத்து உலரவிட்டு, சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பினார்கள். அங்கே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒரு மிஷின். ரத்தத்தில் கலந்திருப்பதையெல்லாம் எடை பார்த்துப் பிரித்து, எது எவ்வளவு என்று சொல்லிவிடும். சி-எட்டு என்ற ஒரு கொழுப்புத் துண்டு இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதாக அது சொன்னது.

டாக்டரம்மா கண்ணகியை உட்கார வைத்துப் பேசினார். "கொழுப்ப எரிச்சு சக்தியா மாத்தற வேலை இவளுக்குச் சரியா நடக்கலையோன்னு சந்தேகம். வயிறு காஞ்சா சர்க்கரை எறங்கிடும், உயிருக்கே ஆபத்து. மூணு மணி நேரத்துக்கு மேல பால் இல்லாம விடாதம்மா. தூங்கினாலும் எழுப்பு. இன்னொரு தடவ ரத்தம் எடுத்துப் பாத்துரலாம்."

கண்ணகி உடனே தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், அந்த மிஷின்ல தானடா நீ வேல பாக்கற? நீ பாத்து சொல்லு."

சின்னதுரை அந்த மிஷினில் வேலை பார்க்கவில்லை. அது இருக்கும் கட்டடத்தில் வேலை பார்த்தான். வெளிநாட்டுக்குப் போகும் மிளகாய்த் தூளில் பூச்சி மருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்கும் லேப் அது. தூளை நிறுத்து, கரைத்து, வடிகட்டிச் சின்னக் குப்பியில் அடைத்துக் கொடுப்பதோடு அவன் வேலை முடிந்தது. வீட்டில் இதை விளக்கியிருக்கலாம். கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படிக்க அம்மா இருசம்மாள் கரும்பு வெட்டிய காசு போயிருந்தது. அவன் விளக்கவில்லை. "டாக்டர் சொல்ற மாரி செய்யிக்கா" என்று மட்டும் சொன்னான்.

கண்ணகி செய்தாள். குழந்தையோடு மலைக்குக் கணவரின் கொட்டகைக்குப் போன பிறகும் செய்தாள். அங்கே பக்கத்துக் கொட்டகையில் இருந்த பாப்பாத்திதான் கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறவள். காலை நீட்டி, குழந்தையை அதில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, சுடுதண்ணீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் தூளியில் போட்டால் குழந்தை அடித்துப் போட்டதுபோல் தூங்கும். குளித்துத் தூங்குகிற குழந்தையை யாரும் எழுப்பக் கூடாது. அந்தத் தூக்கத்தில்தான் உடம்பு தேறும் என்பது அங்கே வழக்கம். கண்ணகி எழுப்பினாள்.

"தூங்கற புள்ளய கிள்ளி எழுப்பறாளே, இவ இன்னா தாயா, தாசில்தாரா?" என்றாள் பாப்பாத்தி.

இரண்டாவது ரத்தம் பெங்களூரில் வேறொரு லேபுக்குப் போயிற்று. ரிப்போர்ட் வந்ததாகத் தகவல் தெரிந்ததும் பொன்னுரங்கம் கீழே இறங்கினார். திரும்பும் வழியில் சின்னதுரைக்குப் போன் போட்டு, லாரிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினார்.

"மச்சான், நார்மல்னு போட்டுக்குது! கவுண்டர்லயே வாங்கிக்கினு வந்துட்டேன்."

"டாக்டரப் பாத்தீங்களா மாமா?"

"உள்ள கூட்டம். கெழங்கு ஏத்தற லாரி எனக்காவ நிக்குது. நார்மல்னு அச்சடிச்சிக் குடுத்தப்புறம் இன்னாத்தப் பாக்கறது? உங்கக்காள இனிமேனாச்சும் தூங்கச் சொல்லணும். கண்ணுலாம் உள்ள போயிட்ச்சி."

இரண்டு தாளையும் போட்டோ எடுத்து அனுப்பினார். சின்னதுரை இரண்டாவது தாளில் அந்த ஒரு சொல்லைப் பார்த்தான். அன்று கேன்டீனில் இரண்டு டீ சொல்லி ஒன்றைக் காசிநாதனுக்குக் கொடுத்தான்.

காசிநாதன் உளுந்தூர்பேட்டைக்காரன், அடுத்த மேசையில் அதே குப்பி வேலை செய்பவன். அந்த வாரம் லேபில் வேறு ஒரு பரபரப்பு. யாரோ ஒரே மூட்டை மிளகாய்த் தூளை நன்றாகக் கலந்து, பொட்டலம் பொட்டலமாகக் கட்டிப் பல ஊர் லேபுகளுக்கு அனுப்பியிருந்தார்கள். எல்லாரும் தனித்தனியே அளந்து எண்ணை அனுப்ப வேண்டும். யார் அளவு எவ்வளவு விலகுகிறது என்று பிறகு வரைந்து காட்டுவார்கள். இவர்கள் லேப் எண் கம்மியாக வந்து, மேலாளர் எல்லார்மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

"மத்தவனுங்கள்லாம் ஜாஸ்தி காட்டறானுங்க, நம்ம மட்டும் கம்மி. மிஷின் பொய் சொல்லுதா, நம்ம பொய் சொல்றமா?" என்றான், டீ முடிந்து மேசைக்குத் திரும்பிய சின்னதுரை.

"மொளகா ஒண்ணுதான்றதால இந்தக் கேள்வியே வருது," என்றான் காசிநாதன். "எங்க ஆத்தா அரைச்ச தூள ஒரு லேபுக்கும், உங்க ஆத்தா அரைச்சத இன்னொரு லேபுக்கும் அனுப்பிட்டு எண்ணு ஏன் மாறுதுன்னு கேட்டா, மிஷினு காரித் துப்பும்."

சின்னதுரை சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சென்னைத் தாளில் எண் 0.92, எல்லை 0.40. பெங்களூர்த் தாளில் எண் 0.45, எல்லை 0.50. அந்த 0.45-ஐச் சென்னைக்காரர் அளந்திருந்தால் நார்மல் என்று எழுதியிருக்கவே மாட்டார். ஒவ்வொரு லேபும் தன் எல்லையைத் தானே வைத்திருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. இரண்டும் ஒரே ரத்தமே இல்லை. முதல் ரத்தம், குழந்தை பிறந்த ஓரிரு நாளில், தாய்ப்பால் சரியாக ஊறாத நேரத்தில் எடுத்தது. இரண்டாவது, கண்ணகி விடாமல் எழுப்பி எழுப்பிப் பால் கொடுத்த பிறகு எடுத்தது.

அவன் வராந்தாவுக்கு வந்து பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஆஸ்பத்திரிக்குப் போட்டான். வெகுநேரம் கழித்து டாக்டரம்மா லைனில் வந்தார்.

"அவர என்னைப் பாக்கச் சொல்லி எழுதிவெச்சிருந்தேனே, கவுண்டர்லயே வாங்கிட்டுப் போயிட்டாரா?" என்றார். "நல்லாப் பால் குடிச்சா இந்த அளவு எறங்கத்தான் செய்யும். அதனால நோய் இல்லன்னு ஆயிடாது. மொதல் அட்டையில மிச்சம் ரத்தப் பொட்டு இருக்கு. அதையே பெங்களூருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கேன். அது வர்ற வரைக்கும் எழுப்பித்தான் ஆகணும். எழுப்பறாங்கள்ல?"

"எழுப்பறாங்க மேடம்" என்று வாய் சொன்னது. உடனே, "தெரியல மேடம்" என்றான்.

செய்தியைப் பேசி அனுப்பினான். பெயர், வயது, ஊர். அப்புறம் குழந்தையை எழுப்பு என்பது. ஒரு டிக் மட்டும் விழுந்தது. அதையே மறுபடி அனுப்பினான். வேலைக்குத் திரும்பியவன் தூளைத் தப்பாக நிறுத்து, கொட்டிவிட்டு, மறுபடி நிறுத்தான்.

மலையில் நடந்ததைக் கண்ணகி பிறகு சொன்னாள். அன்று குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியிருந்தார்கள். பாப்பாத்தி, "நார்மல்னு காகிதமே வந்திட்ச்சி, இன்னிக்கினா புள்ளய தூங்க விடுடி, நீயும் படு" என்றாள். கண்ணகியும் படுத்தாள். பிள்ளை பெற்றதிலிருந்து அவள் அப்படித் தூங்கியதில்லை.

போன் அப்போது சடையன் கையில் இருந்தது. கிழங்கு பிடுங்குகிற ஆள். மாமியாரோடு சண்டை போடத் தொட்டி மேட்டுக்கு ஏறியவன், வந்து விழுந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தான். சண்டையை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"கண்ணகி! உன் தம்பி சின்னதொரயாம், இருபத்தி நாலு வயசாம், கொழந்தய எழுப்புன்றான்!"

"அவனுக்கு வேற வேல இல்ல" என்று பாப்பாத்தி தூளியை மறித்தாள். கண்ணகி அவளைத் தள்ளிவிட்டுக் குழந்தையை எடுத்தாள். கிள்ளினாள், அழவில்லை. காதைத் திருகினாள், முகம் சுளிக்கவில்லை. தலை துணிபோல் தொங்கியது. பாப்பாத்தியே பால் புகட்டும் பாலாடையைக் கழுவி நீட்டினாள். பீய்ச்சிய பாலைச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட, கொஞ்சம் போனபின் நாக்கு அசைந்தது. கிழங்கு லாரியிலேயே கீழே இறக்கினார்கள். கள்ளக்குறிச்சியில் குளுக்கோஸ் ஏற்றியதும் குழந்தை வீறிட்டது.

"அந்த அழுவய கேட்டுக்கினே நான் ஒக்காந்துட்டேன்டா" என்றாள் கண்ணகி.

முதல் அட்டையின் மிச்சப் பொட்டைப் பெங்களூர் அளந்து சொன்ன எண் 0.88. சென்னை 0.92. இரண்டு மிஷினும் ஒன்றைத்தான் சொல்லியிருந்தன.

பொன்னுரங்கம் போன் போட்டார். "ரெண்டுல ஒண்ணு தப்புன்னு சொல்லேன் மச்சான். நீ அங்கதான இருக்கிற."

"ரெண்டும் சரிதான் மாமா."

"அப்போ பால் மட்டும் குடுத்துக்கினே இருந்தா வளந்துருமா?"

"வளந்துரும்னுதான் டாக்டர் சொல்றாங்க. ஜுரம், வாந்தி வந்தா மட்டும் ஒடனே கீழ எறக்கணும்."

கிழங்கு வேலை முடியவில்லை. மலைக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். கண்ணகி வயலில் இருக்கும்போது தூளி யார் கண்ணில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சின்னதுரை லேப் படிக்கட்டில் உட்கார்ந்து போனை வாயருகே பிடித்து, வழக்கமான மூன்றையும் சொல்லிவிட்டுப் பேசினான். பேசியதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினான்.

"இத அக்காவே படிக்கணும்னு இல்ல. கொட்டகையில யார் கையில போன் இருக்குதோ அவங்க சத்தமா படிங்க. தூளியில கெடக்கற பாப்பா தூங்கினாலும் மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா எழுப்பி, அக்காள கூப்ட்டு பால் குடுக்கச் சொல்லுங்க. குளிச்சிட்டுத் தூங்கினாலும் எழுப்புங்க. எழுப்பியும் எழுந்திரிக்கலன்னா யாரையும் கேக்காம கீழ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிருங்க."