முதல் மனுதாரர்

ஆரணியில் கங்கையம்மன் கோவில் தெருவிலிருந்து எந்தப் பொது மனு புறப்பட்டாலும் அதன் முதல் கையெழுத்து கங்கையம்மனுடையதாகவே இருக்கும். தாளில் ஒன்று என்று எண்ணிட்டு அம்மன் பெயரை எழுதுவார்கள். பூசாரி சின்னப்பையன் குங்குமத்தில் பெருவிரலைத் தோய்த்து அதற்கு நேரே ஒற்றுவார். அதன் பிறகே மனிதர்கள் கையெழுத்திடுவார்கள். மனிதர்களில் யார் முதலில் போடுவது என்ற சண்டை இதனால் எழுவதில்லை. விளக்குக் கம்பம் கேட்ட மனுவும், சாக்கடை தூர்வாரக் கேட்ட மனுவும் அப்படித்தான் போயின. அவற்றில் எதற்கும் பதில் வந்ததில்லை. ஆகையால் வழக்கத்தில் குறை இருப்பதாக யாரும் அறிந்ததுமில்லை.

1983ஆம் ஆண்டு பங்குனியில் எழுதிய மனுவுக்குப் பதில் வந்தது.

மனு ஒரு காலி மனையைப் பற்றியது. தெருவின் மேற்குக் கோடியில், ஆதிலட்சுமியின் இட்லிக் கடைக்கு அடுத்திருந்த அந்த மனையில் பட்டு வியாபாரி மணவாளன் சாயப்பட்டறை கட்ட விரும்பினார். நகரத் திட்ட வரைபடத்தில் அது குடியிருப்புப் பகுதி. அதைத் தொழிற்பகுதி என்று மாற்றினால்தான் பட்டறைக்கு உரிமம் கிடைக்கும். மாற்றுவதில் ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று நகரமைப்பு அலுவலகத்தார் ஓர் அறிவிப்பை மனையின் வேப்பமரத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

ஆதிலட்சுமிக்கு ஒன்றரை சென்ட் நிலமும், ஓர் அறையும், முன்னால் ஒரு கீற்றுக் கொட்டகையும், பின்னால் ஒரு கிணறும் இருந்தன. அவளுடைய பெற்றோர் பெரணமல்லூர்ப் பக்கத்தில் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் பத்திரத்தில் ஏறிய முதல் பெயர் அவளுடையது. தெருவின் மற்றக் கிணறுகள் உவர்ப்பு. அவளுடையது மட்டும் நல்ல தண்ணீர். தெருவார் குடிப்பதும் அவள் மாவரைப்பதும் அதில்தான். பட்டறையின் கழிவுக் குழி வரவிருந்த இடத்துக்கும் கிணற்றுக்கும் இடையே பன்னிரண்டடி. சாயத் தண்ணீர் மண்ணில் இறங்கினால் கிணறு போகும், கிணறு போனால் கடை போகும் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. மணவாளனுக்கும் இருந்திருக்க முடியாது. அவர் தம் வீட்டுக்குக் குடிதண்ணீரை இப்போதே மாட்டு வண்டியில் வருவித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்.

"ஒண்ணும் கவலப்படாதக்கா," என்றான் தறிக்காரன் தசரதன், இலையில் நான்காவது இட்லியைப் பிய்த்துக்கொண்டே. "சாயம் எறங்கினா நமக்குத்தான் லாபம். அரக்கு இட்லி, மாம்பழக் கலர் இட்லின்னு போர்டு எழுதிடு. காஞ்சிபுரத்துலேர்ந்து வந்து தின்னுட்டுப் போவான்."

"அந்தத் தண்ணிய மொதல்ல உன் வாயில ஊத்தறேன். ஜல்தி தின்னுட்டு எழுந்திரு. அங்க தறி காத்துகினு கீது."

மனுவை ஜெகநாதன் எழுதினார். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு சொல்லைக்கூட அடித்துத் திருத்தாமல் இரண்டு பக்கம் எழுதினார். மணவாளன் சரக்கோடு காஞ்சிபுரம் போயிருந்த நாளைப் பார்த்துச் சின்னப்பையன் குங்குமம் ஒற்றினார். கிணறு அவளுடையது என்பதால் இரண்டாவது பெயர் ஆதிலட்சுமி என்று முடிவாயிற்று. அவளுக்குக் கீழே இன்னும் இருபத்தொன்பது பேர். தவணை முடிய ஆறு நாள் இருக்கும்போது மனுவை அலுவலகத்தில் சேர்த்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினார்கள்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நகரமைப்பு அலுவலகத்துக் கடைநிலை ஊழியர் தருமன் இட்லி தின்ன வந்தார். கை கழுவும்போது கேட்டார்: "நாளிக்கு உங்க விசாரணையாச்சே, யார் யார் வரீங்க?"

"இன்னா விசாரணை?"

"அட, நோட்டீஸ் வரலியா? நான்தானே கொண்டாந்து குடுத்தேன். ஒரு வாரம் ஆவுதே."

"யார் கையில குடுத்தீங்க?"

"கோயில்லதான். கங்கையம்மன், கங்கையம்மன் கோவில் தெருன்னுதான் வெலாசம் போட்டிருந்தாங்க. நெறைய பேர் கையெழுத்துப் போட்ட மனுன்னா மொதல் ஆளுக்குத்தான் நோட்டீஸ் அனுப்புவாங்க. தர்மகர்த்தா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கினாரு."

கோவிலின் தர்மகர்த்தா மணவாளன். ஒன்பது ஆண்டுகளாக அவர்தான்.

ஆதிலட்சுமி அடுப்பை அணைக்காமலே ஜெகநாதன் வீட்டுக்குப் போனாள். தருமன் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னாள்.

"முதல் ஆளுக்குத்தான் நோட்டீஸ் போகும்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா அப்படி எழுதினீங்க?"

"பதில் வரும்னு நான் நினைக்கலை," என்றார் ஜெகநாதன்.

முகூர்த்த மாதம், கல்யாணப் பட்டுக்கு அவசரம். எந்த வீட்டிலும் தறி நிற்கவில்லை. மறுநாள் பகல் பதினொரு மணிக்குப் பயணியர் விடுதியின் கூடத்துக்குப் போனவர்கள் மூன்றே பேர்: ஆதிலட்சுமி, ஜெகநாதன், தசரதன். வேலூரிலிருந்து வந்திருந்த அதிகாரி மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் எழுத்தர். எதிரே நாற்காலிகள் இரண்டு வரிசை. முன்வரிசையில் மணவாளன், வெள்ளை வேட்டியும் நெற்றியில் கோவில் குங்குமமுமாக. இவர்களைக் கண்டதும் எழுந்து, "வாங்க, வாங்க," என்று தம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களைப்போல வரவேற்றார்.

ஓர் அரிசி ஆலையின் விவகாரம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. பிறகு எழுத்தர் ஒரு பெயரைச் சொல்ல, தருமன் வாயிற்படியில் நின்று மூன்று முறை கூப்பிட்டார்.

"கங்கையம்மன்! கங்கையம்மன்! கங்கையம்மன்!"

முதல் அழைப்புக்குத் தாழ்வாரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாவதற்கு அவர்களில் ஒரு முதியவர், பழக்கத்தால், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"முதல் மனுதாரர் வரவில்லையா?" என்று அதிகாரி கேட்டார்.

"அவங்க வர மாட்டாங்க சார்," என்றான் தசரதன். "ஆடி மாசத்துல மட்டுந்தான் வெளிய வருவாங்க. அதுவும் நாலு பேர் தூக்கிகினு வரணும்."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "இடது பெருவிரல் ரேகை வைத்திருப்பதாக இங்கே குறித்திருக்கிறதே?"

"குங்குமம் சார்," என்றார் ஜெகநாதன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் இவர்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். தெய்வமும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு நபர்தான் என்றும், அது மனுச் செய்வதில் தவறில்லை என்றும், ஆனால் அதன் சார்பில் பேச உரிமையுள்ளவர் ஒருவர் முன்வர வேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார். "கோவிலுக்குப் பொறுப்பாளர் யார்?"

"நான்தாங்க," என்று மணவாளன் எழுந்தார். மடித்த கடிதம் ஒன்றை மேசைமேல் வைத்தார். "அம்மன் சார்புல ஆட்சேபணை ஒண்ணும் இல்லீங்க. நம்ம தெருப் பசங்க நாலு பேருக்கு வேலை கெடைக்கட்டுமே."

அதிகாரி கடிதத்தைப் படித்தார். விண்ணப்பத்தை எடுத்து அதிலிருந்த பெயரையும் படித்தார். "இடம் கேட்கிறவரும் நீங்கள், அதை ஆட்சேபிப்பவரின் பொறுப்பாளரும் நீங்கள்."

"ஆமாங்க."

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் விதிப் புத்தகத்தில் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு, "தடை ஏதும் சொல்லவில்லை சார்," என்றார்.

ஆதிலட்சுமி முன்னால் போய் நின்றாள். "ரெண்டாவது பேரு என்னுதுங்க. என்னக் கேளுங்க. கெணறு என்னுது."

"சொல்லுங்கள் அம்மா."

அவள் சொன்னாள். கிணற்றின் ஆழத்தையும், சித்திரை வெயிலில் நிற்கும் நீரின் அளவையும், குழிக்கும் அதற்கும் உள்ள அடிக் கணக்கையும், ஒரு நாளைக்கு எத்தனை வீடுகள் குடம் வைக்கின்றன என்பதையும் சொன்னாள். அதிகாரி ஒரு முறைகூட இடைமறிக்காமல் கேட்டார். பிறகு வரைபடத்தை அவள் பக்கமாகத் திருப்பி, கிணறு எங்கே என்று காட்டச் சொன்னார். அவளுடைய வீட்டை ஜெகநாதன் விரல் வைத்துக் காட்டினார். அதற்குப் பின்னால் கிணறு குறிக்கப்படவில்லை.

"நீங்கள் தனியாக ஒரு மனுக் கொடுத்திருந்தால், நேரே வந்து பார்த்திருப்பேன்," என்றார் அதிகாரி. "இது ஒரே மனு. முதல் மனுதாரர் மற்றவர்களுக்காகவும் சேர்த்துத்தான் நிற்கிறார். அவர் விலகிக்கொண்டால் மனுவே இல்லை."

"இப்பக் குடுக்கறேங்க. தனியா."

"தவணை ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது அம்மா."

"அப்போ நான் இவ்ளோ நேரம் பேசினது?"

"குறித்துக்கொண்டிருக்கிறோம்."

எழுத்தர் குறித்ததை ஜெகநாதன் தலைகீழாகவே படித்தார். 'தெருவைச் சேர்ந்த பெண்மணி ஒருவரும் பேசினார்' என்றிருந்தது.

உத்தரவு கிடைத்த முப்பது நாட்களுக்குள் சென்னைக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றும், அப்போது தெருவார் எல்லாரும் சேர்ந்து போட்டால் கவனிப்பார்கள் என்றும் அதிகாரி சொன்னார். அதை அவர் மனமார்ந்தே சொன்னார்.

மனையைத் தொழிற்பகுதியாக மாற்றிய உத்தரவு வந்த வார வெள்ளிக்கிழமை மாலை, கோவிலுக்கு எதிரே தெருவார் கூடினார்கள். ஜெகநாதன் மேல்முறையீட்டை எழுதிக் கொண்டுவந்து படித்துக் காட்டினார். முந்தியதைவிட நன்றாகவே எழுதியிருந்தார்.

"இந்தத் தடவ எம்பேரை மொதல்ல போடுங்க," என்றாள் ஆதிலட்சுமி.

கூடியிருந்தவர்கள் பூசாரியைப் பார்த்தார்கள்.

"ஆத்தாள வுட்டுட்டா?" என்றார் சின்னப்பையன்.

"ஆத்தாள வுடல. கும்பிட்டுட்டுத்தான் போடப் போறோம். தாள்ல மட்டும் வேணாங்கறேன்."

தசரதனின் தாய் ரங்கம்மாள் கூட்டத்தின் ஓரத்திலிருந்து எழுந்தாள். கெட்டவள் அல்லள், இருபது ஆண்டுகளாக அந்தக் கிணற்றில் குடம் வைப்பவள். "நான் ஒண்ணு கேக்கறேன், ஆதிலட்சுமி. அங்க ஆபீஸர் எதுர்ல, ஆத்தா சார்புல வேணாம்னு எழுதிக் குடுத்தாச்சு. குடுத்தவன் அயோக்கியன்தான், இல்லேங்கல. ஆனா தர்மகர்த்தா. பேசறதுக்கு அவனுக்குத்தான் பாத்தியதை. இப்ப நாம அவ பேரில்லாம போட்டா இன்னா அர்த்தம்? ஆத்தா ஒரு பக்கம், நாம ஒரு பக்கம்னு ஆயிடாது?"

"கெணறு போனா நீ எங்க போய் மொள்ளுவ?"

"போவாது. ஆத்தா பாத்துகினு இருக்க மாட்டா."

"அவதான் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டான்னு நீயே சொல்றியே!"

ரங்கம்மாளுக்கு இதற்கு விடை தெரியவில்லை. விடை தெரியாததனால் அவள் கையெழுத்திடவும் முன்வரவில்லை. தசரதன் பேனாவை வாங்கினான். "தம்பி," என்று அவனை எந்நாளும் அழைக்காத விதத்தில் ரங்கம்மாள் அழைத்தாள். அவன் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

கூட்டம் எட்டுப் பேராகி, மூன்று பேராகி, இல்லாமலாயிற்று. சின்னப்பையன் போகும்போது ஆதிலட்சுமியின் கையில் கொஞ்சம் விபூதி கொடுத்தார். அவள் மட்டும் கையெழுத்திட்டாள். ஜெகநாதன் தாளின் அடியில், 'எழுதியவர்' என்ற சொல்லுக்கு எதிரே தம் பெயரைப் போட்டார். மனுதாரர் என்ற இடத்தில் போடவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

ஐப்பசியில் சென்னையிலிருந்து பதில் வந்தது. தெருவார் எவரும் ஆட்சேபிக்காத நிலையில் தனி நபர் ஒருவரின் முறையீடு ஏற்கத் தக்கதன்று என்பது அதன் சாரம். ஜெகநாதன் அதை இரண்டு முறை படித்தார். வாக்கியத்தில் பிழை இல்லை என்று மட்டும் சொன்னார்.

கார்த்திகையில் மனையின் வேப்பமரத்தை வெட்டிக் கடைக்கால் தோண்டினார்கள். குழியையும் தோண்டினார்கள். சுவர் எழுப்பத் தண்ணீர் வேண்டியிருந்தது. மனையில் கிணறு இல்லை. மேஸ்திரி ராஜவேலு வந்தவாசிப் பக்கத்து ஆள். இந்தத் தெருவின் விவகாரம் எதுவும் அவருக்குத் தெரியாது. காலையில் இரண்டு சித்தாள்களோடும் ஆறு பக்கெட்டுகளோடும் வந்து, கொட்டகையின் முன் நின்றார்.

"யம்மா, கலவைக்குக் கொஞ்சம் தண்ணி மொண்டுக்கலாமா? இந்தத் தெருவுல உங்க கெணத்துக்குத் தடையே கெடையாதுன்னு சொன்னாங்க."

ஆதிலட்சுமி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐந்து பேரும், தசரதன் உட்பட, தத்தம் இலையைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லையென்று இதுவரை அவள் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

தட்டின் கடைசிக் குழியையும் நிரப்பி, பாத்திரத்தில் இறக்கி மூடினாள்.

"எடுத்துக்கோங்க," என்றாள். "கயிறு பழசு. மெள்ள இழுக்கச் சொல்லுங்க."