தங்கை என்றிருந்த இடத்தில்

என் அக்கா தெல்மா கவிதை எழுதுவாள். அதைத் தட்டச்சு செய்வது நான். சனிக்கிழமைதோறும் க்வின்ஸியிலிருந்து பஸ் பிடித்து பாஸ்டனில் அவள் வீட்டுக்குப் போவேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கார்பன் வைத்து அடித்துக் கொடுப்பேன். அவளுடைய குடி, தூக்க மாத்திரை, மனநல மருத்துவமனையில் கிடந்த நாட்கள் எல்லாம் என் விரல் வழியாகத்தான் பத்திரிகைகளுக்குப் போயின. நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று நான்காவது தாளில் நான் இருந்தேன்.

கல்யாணத்துக்கு முன், பத்தொன்பது வயதில், மேய்ன் மாநிலத்தில், கல்யாணமாகாத தாய்களுக்கான ஒரு விடுதியில் நான் பெற்ற பெண் குழந்தை. அதற்கு நான் பின்னிய குல்லா. ஆறாம் நாள் அதைத் தத்துக் கொடுக்கப் போட்ட கையெழுத்து. தெல்மா ஒருத்திக்குத்தான் தெரியும். என் கணவர் ரஸ்ஸலுக்குக்கூடத் தெரியாது.

பாதிக் கவிதையை அடித்த பிறகுதான் கை நின்றது.

"என்னடி, ரிப்பன் தீந்துபோச்சா?" அடுப்பில் மட்டி சூப்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"இது என்னோடது, தெல்மா."

"பேரு போடலியே."

"'என் தங்கை'ன்னு போட்டிருக்கே. உனக்கு எத்தனை தங்கச்சி?"

"ரஸ்ஸல் கவிதை படிக்கற ஆளா? பேஸ்பால் பக்கத்தைத் தாண்ட மாட்டாரே!"

"அவரோட அக்கா லைப்ரரியில வேலை பார்க்கறாங்க."

கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் எழுதினதுலயே இதுதான் ஒசத்தி. நீயே சொல்லு வெர்னா, நல்லா இல்லே?"

நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொன்னேன்.

"அப்ப உனக்கு நடந்ததா எழுதிடு. குடியை எழுதினே, ஆஸ்பத்திரியை எழுதினே. இதுவும் சேர்ந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

"ஐயோ, என் வீட்டுக்காரர் என்ன நெனைப்பார்? அம்மா வேற உயிரோட இருக்காங்கடி!" என்றாள் தெல்மா.

"எனக்கும் அவங்கதான் அம்மா."

புதுத் தாளைச் செருகி, தங்கை என்றிருந்த இடத்திலெல்லாம் 'நான்' என்று அடித்தேன். பின்னால் நின்று பார்த்தாள், தடுக்கவில்லை. முடிந்ததும் உருவி எடுத்து இரண்டு தடவை படித்தாள். மற்ற ஐந்து கவிதைகளும் பத்திரிகைக்கு அனுப்பும் உறைக்குள் போயின. இது மட்டும், அவள் கையால் எழுதிய தாளோடு, இழுப்பறைக்குள் போனது.

சூப் சாப்பிட்டோம். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சூப்பில் உப்பு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுக்கொண்டே, "குல்லா வெள்ளை இல்லே, மஞ்சள்" என்றேன்.

"அப்படியா?"

தெல்மா எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்தாள். நான் அடித்த தாளை ஒதுக்கிவிட்டு, 'தங்கை' என்றே இருந்த தன் கையெழுத்துப் பிரதியை எடுத்து, 'வெள்ளை'யைப் பென்சிலால் 'மஞ்சள்' என்று திருத்தினாள்.