ஒட்டுப்பூ வீடு

1936ஆம் வருடம் தை பிறந்ததும் ஆம்பூர் கவுஸ் பாஷாவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை ஆவாரம்பூ பூத்தது. அந்த வாரம் பதனிட்ட மாட்டுத்தோல் விலை சற்று இறங்கியிருந்தது. கையில் பூத்ததுகூடப் பசை வேலைதான் என்று சொன்னவர்கள் ஊரில் உண்டு. அவர்கள் வாயில் மண் விழட்டும். நடந்தது இதுதான்.

பாலாற்றங்கரையில் இருந்த கவுஸ் பாஷாவின் தோல் கிடங்கில் ஆவாரம்பட்டையைத் தவிர வேறு பட்டை பதனிடும் தொட்டியில் விழுந்ததில்லை. நாட்றம்பள்ளிப் பக்கத்துக் கரடுகளில் உரித்த பட்டையைக் கோவிந்தம்மாள் வண்டியில் கொண்டுவந்து போடுவாள். 1904 முதல் ஒவ்வொரு தையிலும், கொடியில் காய்கிற தோல்களின் ஓரத்தில் மஞ்சளாகப் பூ விட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கவுஸ் பாஷாவின் மனைவி முனவ்வர் பேகம் பூவைக் கிள்ளி நிழலில் உலர்த்தி, பயத்தம்பருப்போடு அரைத்துக் குளியல் பொடி செய்தாள். மீதியைக் கற்கண்டு போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். விற்றுப்போன தோலும் பூப்பதை நிறுத்தவில்லை. ஆற்காட்டில் ஒரு குதிரைச் சேணம் பூத்தது, வேலூரில் ஒரு போலீஸ்காரரின் இடைவார் பூத்தது. அந்தத் தோலில் செருப்பு தைத்துப் போட்டவர்கள், பொங்கலுக்கு மாட்டுக்குச் சூட்டும் பூவை மிதிக்கலாகாது என்று அந்த மாதம் மட்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஆகவே இந்த வீட்டுச் சரக்குக்கு முத்திரை தேவைப்படவில்லை. பூவே முத்திரை.

1934 மார்கழியில் கவுஸ் பாஷா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். கிடங்குச் சாவி மகன் ரஷீத் அஹமதுவின் கைக்குப் போயிற்று. கப்பலில் வந்திறங்கும் வாட்டில் என்கிற சீமைப் பட்டை விலை கம்மி, தோலும் சீக்கிரம் பதமாகும். ரஷீத் தொட்டிகளை அதனால் நிரப்பினான். தை வந்தது, தோல் பூக்கவில்லை. அவன் பூ கேட்டுக் கோவிந்தம்மாளிடம் ஆள் அனுப்பினான். "பட்டை வாணாம்னுட்டு பூ மட்டும் கூடை கூடையா கேக்குறியே தம்பி, உங்க வீட்ல இன்னா பொங்கலா?" என்று அவள் கேட்டாள். கேட்டபடியே கிடங்கு வாசலில் கூடைகளை இறக்கினாள். ரஷீத் அரிசிக் கஞ்சிப் பசையால் பூக்களைத் தோலின் ஓரத்தில் ஒட்டிச் சென்னைக்கு அனுப்பினான். பெரியமேட்டு வியாபாரி ஜியாவுதீன் கட்டைப் பிரித்தபோது பூவெல்லாம் உதிர்ந்து, பசையைக் கரப்பான் தின்றுகொண்டிருந்தது. "ஒட்டுப்பூ" என்று சொல்லி அவர் சிரித்தார். சரக்கு திரும்புவதற்குள் அந்தச் சொல் ஆம்பூர் வந்து சேர்ந்துவிட்டது.

சித்திரையில் ஹாஜியாராக ரயிலிலிருந்து இறங்கிய கவுஸ் பாஷாவிடம் புதிதாக வந்திருந்த ஜட்காக்காரன் ஒருவன், "ஒட்டுப்பூ வீட்டுக்குத்தானே பாய்? ஏறுங்க" என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. வீட்டின் பெயரே அதுதான் என்று நினைத்திருந்தான். அதுதான் தாங்க முடியாதது. பெரியவர் ஏறவில்லை. ஜம்ஜம் தண்ணீர்க் குடுவையைத் தோளில் மாட்டியபடி நேராகக் கிடங்குக்கு நடந்தார்.

"எல்லாருந்தான் வாட்டில் போடுறாங்க அப்பாஜான்" என்றான் ரஷீத்.

"போட்டே, சரி. வாட்டில்னு சொல்லி வித்திருந்தா உன்னை நான் இன்னா கேட்டிருக்கப் போறேன்? பூவை ஏண்டா ஒட்டுன?"

அதற்குப் பிறகு அவர் மகனிடம் பேசவில்லை.

தொட்டிகளைக் காலி செய்து கழுவி, ஆவாரம்பட்டையை இடித்துப் போட்டு, அறுபது வயதில் தாமே தொட்டியில் இறங்கினார். ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னவர்களைத் திட்டி விரட்டினார். மறு தையில் தோல் பூக்கவில்லை. ஒருமுறை ஏமாந்த தொட்டி அது. வருடமெல்லாம் பட்டைச் சாற்றில் ஊறிய அவர் கைகள்தாம் அரித்து, அரும்பு விட்டுப் பூத்தன. மறுநாளே கை மடித்த சட்டையோடு ரயிலேறிப் பெரியமேட்டு மண்டியில் போய் உட்கார்ந்து, கைகளை ஜியாவுதீன் முன்னால் நீட்டினார்.

"இழுத்துப் பாருங்க மியா. பசையா, வேரா?"

ஜியாவுதீன் சிரித்துக்கொண்டே ஒரு கொத்தை இழுத்தார். பூவோடு ரத்தம் வந்து வெள்ளை விரிப்பில் சொட்டியது. ஜியாவுதீன் தம் தோள் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டு, "மாஃப் கரோ ஹாஜியாரே" என்று மன்னிப்புக் கேட்டார். அதன்பின் ஜட்காக்காரர்களுக்கு அது ஆவாரங்கை வீடு. பழைய பெயரைச் சொன்ன ஒருவன் கடைத்தெருவில் வாங்கிய அறை பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து ரஷீதுக்கு நீரில் சர்க்கரை கண்டது. ஆவாரம்பூக் கஷாயம் குடிக்கச் சொன்னார் ஹகீம். கை பூக்கும் தை மாதக் காலைகளில் கவுஸ் பாஷா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைகளை மனைவியிடம் நீட்டுவார். ரத்தம் வராமல் நகத்தால் கிள்ள முனவ்வர் பேகம் பழகியிருந்தாள். ரஷீத் நின்றபடியே குடிப்பான்.

"ஜாஸ்தி துவர்க்குதும்மா" என்றான் ஒருநாள்.

"துவர்க்கட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார் பெரியவர்.

அடுத்த தையிலும் கை பூத்தது. கஷாயமும் வைத்தார்கள்.