சதுப்பு நிலத்தில் இரண்டு சகலைகள்

சகலைகள் இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒரு விருந்தில் நாலு பேர் நடுவே மூத்தவர் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். "அவருக்கென்ன, பட்டனை அமுக்கினா மேல போகும், அமுக்கினா கீழ வரும். யோசிக்க வேண்டிய வேலையா அது?" இளையவர் லிப்ட் மெக்கானிக். பதினெட்டு வருஷமாக லிப்ட் குழிகளுக்குள் இறங்கி, தலைக்கு மேல் ஒரு டன் இரும்பு தொங்க, முதுகு நிமிர்த்த முடியாத இடத்தில் கிடந்து வேலை பார்ப்பவர். அன்றோடு பேச்சு சுருங்கிப்போனது. "வாங்க", "சாப்பிட்டீங்களா", அவ்வளவுதான்.

மூத்தவர் அச்சகக்காரர். வாரம் ஆறு நாள் மையும் காகிதமுமாக இருப்பவர், இலை உதிரும் மாதம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் எல்லையில் இருக்கும் சதுப்பு நிலத்துக்கு ஓடிவிடுவார். வடக்கேயிருந்து நாரைகள் இறங்கும் காலம் அது. ஆனால் போன மாதம் அவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி, அச்சகத்தில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே நினைவில்லாமல் கிடந்தார். அதனால் அவர் மனைவி, மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னாள். "தம்பி, இந்த மனுஷன் நான் சொன்னா கேக்க மாட்டார். நீங்க கூடப் போங்க. பேச வேண்டாம், பக்கத்துல இருந்தா போதும்." மனைவியின் அக்கா கேட்டு மெக்கானிக் மறுத்துப் பழக்கமில்லை.

அப்படித்தான் அந்தக் காலை எட்டு மணிக்கு, மூடுபனிக்குள், ஒருவர் பின் ஒருவராக இருவரும் பலகைப் பாதையில் நடந்தார்கள். தண்ணீருக்கு மேல் கட்டைகள் ஊன்றிப் போட்ட பாதை அது. இரண்டு பக்கமும் ஆளுயர நாணல், பழுத்துப் பழுப்பேறி நின்றது. கார் நிறுத்துமிடத்திலேயே அச்சகக்காரர் சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். "சாப்பிடலையா?" என்று மெக்கானிக் கேட்டதற்கு, "குடிலுக்குப் போய் சாப்பிடுவேன், கால் மணி நேரம்தான்" என்றார். கால் மணி நேரம் என்றது முக்கால் மணி நேரம் ஆனது. வழியில் நீர்க்கோழிகளைப் பார்த்து நின்றார். ஒற்றைக் காலில் நின்ற கொக்கைப் பார்த்து நின்றார். அவர் நின்ற இடத்திலெல்லாம் மெக்கானிக்கும் நின்றார்.

பாதை முடியும் இடத்தில் பறவை பார்ப்பதற்கான மரக் குடில். அதோடு வழி அடைபட்டது, மூன்று பக்கமும் தண்ணீர். குடிலுக்கு முப்பதடி முன்னால் ஒரு பெஞ்சு போட்டிருந்தது. அச்சகக்காரர் பையைக் கைப்பிடிக் கட்டையில் மாட்டினார். உட்காரப் போனவர், குடிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் கொப்பளிப்பதைப் பார்த்துவிட்டார்.

"நீர்நாய்" என்று கிசுகிசுத்துவிட்டு, பையை அப்படியே விட்டு பைனாகுலரோடு குடிலுக்குள் ஓடினார். மெக்கானிக்கும் பின்னால் போனார். தாயும் இரண்டு குட்டிகளும். தாய் ஒரு மீனை முன்னங்கால்களில் பிடித்துக்கொண்டு தின்றது. மெக்கானிக்குக்கூட, அவரை அறியாமல் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். தொண்டையிலிருந்து இழுத்து எழுப்பிய, கரகரத்த ஓர் உறுமல். திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சு பக்கத்தில், பாதையை அடைத்துக்கொண்டு ஒரு ஆண் மான் நின்றது. குதிரை அளவு இருக்கும். கிளை கிளையாகப் பிரிந்த கொம்பில் ஏதோ பண்ணை வேலியின் கம்பி சுருள் சுருளாகச் சிக்கியிருந்தது. மான் தலையை உதறியது. கம்பி கைப்பிடிக் கட்டையில் மாட்டி இறுகியது. அவ்வளவுதான், மிருகத்துக்கு வெறி ஏறிவிட்டது. பலகை அதிரக் குளம்பால் உதைத்தது.

"இந்த மாசம் ஆண் மானுக்குக் கண்மண் தெரியாது" என்றார் அச்சகக்காரர். "ஜோடிக்காகச் சண்டை போடற காலம். கிட்ட போனா குத்திடும்."

குடிலின் சுவரில் சதுப்பு நிலக் காப்பாளரின் எண் ஒட்டியிருந்தது. மெக்கானிக் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். பேச்சில் பதற்றமில்லை. "குடிலை விட்டு வெளிய வராதீங்க. நான் எதிர்க்கரையில இருக்கேன். படகுல சுத்தி வர நாப்பது நிமிஷம் ஆகும்."

நாற்பது நிமிஷம் என்பது பெரிய விஷயமாக முதலில் தோன்றவில்லை. அச்சகக்காரரின் நெற்றியைப் பார்க்கும்வரை. அந்தக் குளிரிலும் வியர்வை அரும்பியிருந்தது. பைனாகுலர் பிடித்த கை நடுங்கியது.

"சகலை, உங்க சாப்பாடு எங்க?"

"பையில." சொல்லிவிட்டு, பை எங்கே என்று யோசிப்பவர் போல விழித்தார்.

மெக்கானிக் தன் பைகளைத் துழாவினார். சாவிக்கொத்து, ஒரு ஸ்பேனர், சர்க்கரை சேர்க்காத சூயிங்கம். தொண்ணூறு கிலோ உடம்பைக் குறைக்கச் சொல்லி அவர் மனைவி வாங்கித் தந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, இனிப்பு தின்பதை விட்டதற்காகத் தன்னையே நொந்துகொண்டார். மறுபடி போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். "வேகமா வரேன்" என்று மட்டும் சொன்னாள் காப்பாளர்.

அச்சகக்காரர் குடில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நாக்குக் குழற ஏதோ காகித அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். இனி காத்திருப்பதற்கில்லை என்று மெக்கானிக்குப் புரிந்தது. பாதைக்குக் கீழே பார்த்தார். பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. இருட்டு. தலை நிமிர்த்த முடியாது. மேலே பாரம். அவருக்குப் பழக்கமான இடம்தான் அது.

"இங்கேயே உட்காருங்க. எழுந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டு இறங்கினார்.

தண்ணீர் மார்பு வரை வந்தது. குளிர் மூச்சைப் பிடித்தது. சேறு காலை முட்டி வரை விழுங்கியது, ஒவ்வொரு அடிக்கும் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. கட்டைக்குக் கட்டை பிடித்துப் பலகைகளுக்கு அடியிலேயே நகர்ந்தார். தலைக்கு மேல் குளம்புச் சத்தம் இடியாக இறங்கியது. பலகை இடுக்கு வழியே மண்ணும் மயிரும் முகத்தில் கொட்டின. மிருகத்தின் வாடை நெடியாக அடித்தது.

பை வெளிப்பக்கமாகத் தொங்கியது. அதன் வாரோடு கம்பி பின்னியிருந்தது. இழுத்தால் மான் தலையும் சேர்ந்து வரும். ஆனால் பழச்சாறு டப்பாவை அச்சகக்காரர் பக்கவாட்டு ஜிப்புக்குள் சொருகியதைக் காலையில் பார்த்திருந்தார். பலகை ஓரமாக மெல்லத் தலையை நீட்டினார். ஒரு கை தூரத்தில் மானின் கண். அதில் வெள்ளை தெரிந்தது. மரத்துப்போன விரலால் ஜிப்பைப் பல் பல்லாக நகர்த்தினார். மான் மூச்சை இழுத்துப் பிடித்து நின்றது. அவரும்தான். டப்பா கைக்கு வந்தது.

திரும்பியபோது, குடிலிலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. பலகைமேல் அச்சகக்காரர் தள்ளாடியபடி நேரே மானை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"யாரது என் பையை எடுக்கறது?"

கத்தினால் மான் மிரளும். மெக்கானிக் சேற்றை உதைத்து நகர்ந்தார். ஐந்தடி, பத்தடி. பலகை ஓரத்தில் கையை நீட்டி, கடந்துபோன கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"உட்காருங்க சகலை."

"யாருய்யா நீ? காலை விடு. எங்க சகலை கூட வந்திருக்கார், தெரியுமா? லிப்டையே ஒத்தைக் கையில நிறுத்துவார். அவர் வந்தா நீ தொலைஞ்சே."

"வரட்டும். அதுவரைக்கும் உட்காருங்க."

என்ன தோன்றியதோ, அவர் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் தண்ணீரில் நின்றபடியே குழாயைச் சொருகி அவர் வாயில் வைத்தார். பாதி தாடையில் வழிந்தது, மீதியை அவர் உறிஞ்சினார்.

மானுக்கு அப்போதுதான் முழு பலமும் வந்தது போல. தலையைத் தாழ்த்தி ஒரே இழுப்பு. கட்டை படாரென்று முறிந்தது, வார் அறுந்து பை பலகையில் விழுந்தது. முறிந்த கட்டையையும் கம்பியையும் இழுத்துக்கொண்டு அவர்களை நோக்கிப் பாய்ந்தது. மெக்கானிக் எம்பி, அச்சகக்காரரைப் பலகையோடு படுக்க அழுத்தி, மேலே கவிழ்ந்துகொண்டார். மான் தாண்டியது. பின்னால் வந்த கட்டை அவர் தோளில் அடித்துவிட்டுப் போனது. அந்தப் பக்கம் தண்ணீர் சிதறியது, நாணல் முறிந்தது, அப்புறம் எதுவுமில்லை.

கால் மணி நேரம் கழித்துத்தான் அச்சகக்காரருக்குப் பார்வை தெளிந்தது. பையிலிருந்த ரொட்டியை மெக்கானிக் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார். நீலம் பாரித்த உதடும், வீங்கிய தோளும், முட்டிவரை சேறுமாக இருந்தவரை அச்சகக்காரர் வெகு நேரம் பார்த்தார்.

"அந்தப் பலகைக்கு அடியிலயா போனீங்க?"

"வேற வழி?"

"நான் போயிருக்க மாட்டேன் சகலை. எனக்குத் தெரியும், நான் போயிருக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கு விருந்துல பேசினேனே, அது கொழுப்பு. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

மெக்கானிக் இன்னொரு துண்டு ரொட்டியை நீட்டினார்.

காப்பாளர் சொன்னதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து சேர்ந்தாள். கம்பளியைப் போர்த்திவிட்டாள். திட்ட வேண்டிய அளவு திட்டினாள். மான் தூரம் போகவில்லை. நூறு கஜம் தள்ளி நாணலில் கட்டை சிக்கி நின்றது. மிருக மருத்துவர் வந்து மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி எடுக்கும்வரை இருவரும் படகிலேயே இருந்தார்கள். மான் தடுமாறி எழுந்து, நாணலுக்குள் மறைந்தது.

வீட்டுக்குப் போகும்போது மெக்கானிக் ஒரு கையால் கார் ஓட்டினார். கேட்பதற்கு முன்பே அச்சகக்காரர் சொன்னார். "வீட்டுல நானே சொல்லிடறேன்."

சொல்லவும் செய்தார். சாப்பிடாமல் ஊசி போட்டதிலிருந்து, பையை விட்டுவிட்டு நீர்நாய் பார்க்க ஓடியது வரை, ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் மனைவி குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் கணவரைப் பார்க்கவே இல்லை. வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்து, மெக்கானிக்கின் தோளில் துணியை வைத்து அழுத்தினாள்.