மூடி திறந்த கெட்டில்

கட்டட வரைபட அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாகக் கோடு போடுகிறவள் மருமகள். அளக்காமல் எதையும் வரையமாட்டாள். அடுப்படி மேடையில் இருந்த அலுமினியக் கெட்டிலைக்கூட ஸ்கேல் வைத்து அளந்துதான் பென்சிலில் வரைந்திருந்தாள். நகரக் கலைக்காட்சிக்கு அவள் அனுப்பவிருந்த முதல் படம் அது. மறுநாள் கடைசித் தேதி.

சாப்பாட்டு மேஜையில் இருந்த படத்தை மாமியார் கண்ணாடி போட்டு ஒரு தடவையும் கழற்றிவிட்டு ஒரு தடவையும் பார்த்தாள்.

“இது நான்தானே?”

“அத்தை, அது கெட்டில்.”

“மூக்கு வாசல் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கு. யார் வரா, யார் போறான்னு பாக்குதாம். வயித்துல ஒரு நசுங்கல். மூடி வேற மூடாம நிக்குது. நான் வாயை மூடமாட்டேன்னு ஊருக்கே சொல்லப்போறே.”

மகன் செய்தித்தாளைத் தாழ்த்தினான். “எனக்குக் கெட்டிலாத்தான் தெரியுதும்மா.”

“உனக்கு என்னைக்குடா எது தெரிஞ்சிருக்கு?”

இந்த ஒரு விஷயத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

“இது காட்சிக்குப் போச்சுன்னா நான் என் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன்.”

அவள் பேச்சுக்குச் சொல்கிறவள் அல்ல. போன தடவை அப்படிச் சொல்லிவிட்டுப் போனவள் நாலு மாதம் கழித்துத்தான் திரும்பினாள். அந்த நாலு மாதமும் வீட்டில் எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. வேலை முடிந்து வருகிற மருமகளிடம் ஏன் இத்தனை நேரம் என்று கேட்க ஆளில்லை. அது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். முதல் வாரம் மட்டும் அப்படி இருந்தது.

“அளந்து வரைஞ்சது அத்தை. இருங்க, காட்டறேன்.”

கெட்டிலைக் கொண்டுவந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மூக்கு சரியாக இருந்தது. நசுங்கல்கூட இம்மி பிசகவில்லை. மூடி மட்டும் நகம் நுழைய இடமில்லாமல் கெட்டிலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. கழற்றி, திருப்பி, மறுபடி வைத்தாள். மறுபடியும் அப்படியே மூடிக்கொண்டது. படத்திலோ ஒரு விரல் இடைவெளி.

வரைந்த அன்றைக்குத் திறந்திருந்தது என்று சொல்லிவிடலாம். யார் பார்த்தார்கள்? ஸ்கேலை எடுத்து அந்த இடைவெளியை அளந்தாள். எதற்கென்று தெரியவில்லை.

“படத்துல மூடியைத் திறந்தது நான்தான் அத்தை. அது அளவுல இல்ல.”

மகன் செய்தித்தாளுக்குள் தலையை இழுத்துக்கொண்டான்.

“நான் சொன்னேனா இல்லையா?” மாமியார் முகத்தில் வழக்கில் ஜெயித்த களை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படத்தைத் தன் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். “அனுப்பு.”

“அத்தை?”

“அனுப்புன்னேன். ஆனா மூடி திறந்திருக்கே, ஆவி எங்கே? இப்படியே போனா ஆறிப்போன கெட்டில்னு நினைச்சுக்குவாங்க.”

மருமகள் பழக்கதோஷத்தில் ஸ்கேலைத் தேடினாள். பிறகு அதைத் தள்ளிவைத்துவிட்டு அழிப்பானை எடுத்தாள். மூடிக்கு மேலே, பின்னணியின் பென்சில் கருமையில் வெள்ளையாக ஒரு கீற்று நெளிந்து எழுந்தது.

“இன்னும் கொஞ்சம்,” என்றாள் மாமியார்.